குதிரையில் சென்றவர்களும் கூட ஓடியவர்களும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் வீதியில், அவிசாவளையைத் தாண்டியபின் எதிர்ப்படும் நகரம் எஹலியகொட. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள், இடையிடையே தேயிலை. பத்திரிகைப் பணி நிமித்தம் அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். இன்று ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் திணறி ஏறும் அந்த மேடுகளில் அன்றைய வெள்ளைத் துரைமார் குதிரையேறித் திரிந்தார்கள். அந்தச் சவாரி எந்த வயது வரை ஒரு மனிதனுக்குச் சாத்தியம், அதற்கு உடல் எவ்வாறு இருக்கவேண்டும் என்ற கேள்வி எனக்கு எழுவதுண்டு. அதற்கு விடை தேடப் புகுந்தால் தோட்ட வரலாற்றின் மறுபக்கமும் கண்ணிற்படும்.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டில் நல்ல பாதைகள் மிகக் குறைவு. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவும், அயல் தோட்டத்திற்குச் செல்லவும், நகருக்கு வரவும் துரைக்குக் குதிரை தேவைப்பட்டது. 1869இல் தலைகாட்டிய இலை நோயினால் கோப்பி அழிந்து, தேயிலையும் பின்னர் இறப்பரும் வந்தபோதும் குதிரை உடனே மறைந்துவிடவில்லை. சப்ரகமுவ தனி மாகாணமானது 1889இல். அவிசாவளையிலிருந்து எஹலியகொட வழியாக இரத்தினபுரிக்குக் களனிப் பள்ளத்தாக்குச் சிறு புகையிரதம் ஓடத் தொடங்கியது 1912இல். புகையிரதமும் மோட்டார் வாகனமும் பரவிய பின்னரே குதிரையின் அவசியம் குறைந்தது. அந்தப் புகையிரதமும் 1976இல் அவிசாவளைக்கு அப்பால் நின்றுபோயிற்று.

இருபதுகளின் வயதில் சின்னத்துரையாக வந்து, பெரிய துரையாக உயர்ந்த வெள்ளையரிற் பெரும்பாலோர் ஓய்வுபெற்றதும் தம் நாடு திரும்பினர். ஆகவே, தோட்டப் பாதைகளிற் குதிரையோட்டியவர்கள் பெரும்பாலும் இளைஞரும் நடுவயதினருமே. முதுமையில் சவாரி செய்தவரைத் தேடினால், எஹலியகொட வீதி புறப்படும் கொழும்பிலேயே நாடறிந்த ஒருவர் இருக்கிறார்.

அவர் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க. தோட்டத் தமிழருக்கு மறக்க முடியாத பெயர். அவருடைய ஆட்சியிற்றான் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் நிறைவேறி, சப்ரகமுவ உட்பட எல்லா மலைத் தோட்டங்களிலும் இலட்சக்கணக்கானோர் நாடும் வாக்கும் இழந்தனர். அவர் காலிமுகத்திடலில் காலைவேளையிற் குதிரைச் சவாரி செய்யும் வழக்கமுடையவர். அறுபத்தைந்து வயதைக் கடந்த பின்னரும் அதை விடவில்லை. 1952 மார்ச் 21ஆந் திகதி காலை, குதிரை மீதிருந்தபோதே பாரிசவாதம் தாக்கிக் கீழே விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது.

இதைக் கொண்டு, முதியவர் குதிரையேறலாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஜப்பானியரான ஹிரோஷி ஹோகெட்சு 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்திற் கலந்துகொண்டவர். நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து 2008இல் பெய்ஜிங்கிலும், 2012இல் தமது 71ஆவது வயதில் லண்டனிலும் மீண்டும் போட்டியிட்டார். ஆனால், முதலிற் பங்குபற்றியது குதிரை தடை தாண்டும் போட்டி. பின்னைய இரண்டும் குதிரையின் நடையழகை நுட்பமாகக் காட்டும் போட்டி. எலிசபெத் மகாராணியார் தமது 94ஆவது வயதிற் சவாரி செய்யும் படம் 2020இல் வெளியாயிற்று. அவர் அமர்ந்திருந்ததும் உயர்ந்த பந்தயக் குதிரையன்று, அடக்கமான மட்டக்குதிரை. இருவரும் வயதுக்கேற்ற சவாரியைத் தெரிந்துகொண்டவர்கள். வேகம் குறைந்தது; பழக்கம் குறையவில்லை.

குதிரைமேல் அமர்ந்திருப்பது சும்மா இருப்பதன்று. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. சவாரி செய்பவரின் இடுப்பு அந்த அசைவோடு இசைந்து செல்லவேண்டும். அதற்கு இடுப்பு மூட்டு இளகியிருக்கவேண்டும். உட்தொடைத் தசையும், வயிற்றுத் தசையும், முதுகுத் தசையும் உறுதியாக இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உடல் சமநிலை தவறலாகாது. வயது ஏற ஏற முதலில் நழுவுவன இவைதாம். எலும்பும் தேய்ந்திருக்குமாயின், இளமையில் உதறிவிட்டு எழுந்துபோகும் ஒரு விழுகை முதுமையில் இடுப்பெலும்பு முறிவாகிவிடும்.

ஆகவே முதிய சவாரியாளரின் பயிற்சி தரையிலேதான் தொடங்குகிறது. நாள்தோறும் நடத்தல், கைகளின் உதவியின்றி நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரருகே ஒற்றைக் காலில் நிற்றல், இடுப்பையும் தொடையையும் மெல்ல நீட்டி இளக்குதல் ஆகியவை அதன் அரிச்சுவடி. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. குதிரையேற விரும்பும் முதியவருக்கு இதனினும் பொருத்தமான பாடத்திட்டம் வேண்டியதில்லை.

இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் வைத்தியரைக் கேளாமற் சேணத்திற் கால் வைக்கலாகாது. தலைக்கவசம் எவருக்கும் அவசியம். அங்கவடியில் தாவி ஏறி முழங்காலை வருத்துவதைவிடப் படிக்கட்டைப் போட்டு ஏறுவதில் வெட்கமொன்றுமில்லை. தனியே செல்வதும் கூடாது.

தனியே செல்லாமை என்பதில் நம் தோட்டத்து வரலாறு மீண்டும் குறுக்கிடுகிறது. துரையின் குதிரை ஒருபோதும் தனியே சென்றதில்லை. குதிரைக்காரர் ஒருவர் பின்னால் கால்நடையாக ஓடிவருவார். அக்காலத்து வெள்ளையர் எழுதிவைத்த குறிப்புகளில் அவர் வருகிறார். ஆனால் பெரும்பாலும் பெயரின்றியே வருகிறார். துரை பங்களாவை அடைந்து இளைப்பாறும் வேளையில், அதே தூரத்தை ஓடிக் கடந்த அவர் சேணத்தை அவிழ்த்து, குதிரையைத் தேய்த்து, தீனியும் தண்ணீரும் காட்டவேண்டும். குதிரை நின்ற இடம் லாயம். தொழிலாளர் குடியிருந்த இடம் லயம். பின்னது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபேயாயினும், இரண்டுக்கும் ஒரு காலளவே வேறுபாடு என்பது தமிழ் காதுக்கு உறைக்கும்.

இன்றைய வைத்தியர் போற்றும் வலுவான கால்களும், தளராத மூச்சும், மேட்டிலும் பள்ளத்திலும் தவறாத சமநிலையும் அந்தக் குதிரைக்காரரிடம் இருந்தன. அவற்றை முதுமை வரை காத்துத் தரப் போதிய உணவும், ஓய்வும், நல்ல குடியிருப்பும் அவருக்கு வாய்க்கவில்லை. சவாரிக்கு உடலைப் பேணுவது பற்றி இன்று அறிந்துள்ளவை யாவும், எஹலியகொடச் சரிவுகளில் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து இறங்கும் முதிய தொழிலாளிக்கும் அப்படியே பொருந்தும். மழையில் நனைந்த அந்தச் சரிவில் வழுக்கி விழுவதும் குதிரையிலிருந்து விழுவதற்குச் சளைத்ததன்று. முதுமையில் விழாமல் நிற்கும் வலிமை சேணத்தில் அமர்பவருக்கு மட்டும் உரிய பேறாக இருக்கவேண்டியதில்லை.