ஏலாக்குறிச்சியில் எழுந்த முதற்பாடம்



கொள்ளிடப் பேராற்றின் வடபால், இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் ஒன்றியத்தில், ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் உளது. யான் பள்ளியிற் படித்த நாளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2007-இல் அரியலூர் அதினின்று பிரிந்து நிலைபெற்றது. மாவட்ட எல்லைகள் மாறினும் ஏலாக்குறிச்சியின் பெருமை மாறவில்லை. தமிழை முதன்முதலாகக் கற்கத் தொடங்கும் ஒருவன் எங்கே இடறுவான், எதைப் பற்றிக்கொண்டு எழுவான் என்பதை ஆராய்ந்து நூல் செய்த ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் அது. அவர்தாம் வீரமாமுனிவர்.

முனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலி நாட்டில் மாந்துவாப் பகுதியைச் சேர்ந்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி, 1710-இல் கோவா வந்து, மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பது. முப்பது வயதுக்குமேல் ஒரு புது மொழியின் முதல் எழுத்தை எழுதத் தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதை, முதியோர் கல்வி வகுப்பில் நின்று பாடம் சொன்னவர்கள் அறிவார்கள். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. தெற்கே காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றிய பின்னரே அவர் ஏலாக்குறிச்சிக்கு வந்தார்.

தமிழ் கற்க வந்த ஐரோப்பியனுக்கு அக்காலத்தில் நேர்ந்த முதல் இடர் யாது? தமிழ் ஒன்றன்று, இரண்டு என்பதே. நன்னூலைக் கற்றுத் தேறிச் சந்தைக்குச் செல்பவனுக்கு அங்கே பேசும் தமிழ் விளங்காது. சந்தையிற் கேட்டதை மட்டும் கற்றவனுக்கு ஏட்டிலுள்ள செய்யுள் விளங்காது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதுகிறோம். ‘வந்துகிட்டிருக்கான்’ என்று பேசுகிறோம். தாய்மொழியாளர்க்கு இந்த இடைவெளி கண்ணிற் படுவதே இல்லை. வெளியிலிருந்து வருபவனுக்கோ அது கொள்ளிடத்தின் அகலமாகத் தோன்றும்.

முனிவர் இவ்விரு தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தார். மக்கள் பேசும் வழக்கினைக் ‘கொடுந்தமிழ்’ எனப் பெயரிட்டு, அதற்கு இலத்தீன் மொழியில் 1728-இல் ஓர் இலக்கணம் எழுதி முடித்தார். செந்தமிழ் இலக்கணமும், தமிழிலேயே அமைந்த தொன்னூல் விளக்கமும் அதன் பின்னரே வந்தன. இந்த வரிசையை நோக்குங்கள். பேச்சு முன்னே, செய்யுள் பின்னே. இதனை நம் பள்ளிகள் இன்றும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறிய வரலாறு சுவையானது. அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தரங்கம்பாடி அச்சகம் லூத்தரன் சபையினருடையது. முனிவரோ அச்சபையாரை மறுத்து நூல்கள் எழுதியவர். சமய வாதத்தில் நேரெதிர் நின்ற இருதிறத்தார்! ஆயினும், கப்பலிலிருந்து இறங்கும் புதியவர்களுக்குத் தமிழ் கற்பிக்க அதனினும் சிறந்த பாடநூல் தங்களுக்குக் கிட்டாது என்றறிந்து, எதிரணியார் நூலைத் தாமே அச்சிட்டனர். அத்தரங்கம்பாடியில்தான், 1706-இல் வந்த சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு ஒன்றாய் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிக் கற்றார். தொடக்கநிலை மாணவனின் துயர் இருசாராருக்கும் தெரிந்திருந்தது.

எழுத்திலும் முனிவர் ஒரு நன்மை செய்தார். முற்காலத்தில் எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்டால் குறில். புள்ளி இல்லையேல் நெடில். ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என அஞ்சிப் பலரும் அதனை இடாமலே விடுவர். பழகியவர் இடம் நோக்கிப் படித்துக்கொள்வர். புதிதாகக் கற்பவன் என் செய்வான்? அவன் கண்ணுக்கு ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றே, ‘கொடு’வும் ‘கோடு’ம் ஒன்றே. ஏரிகள் நிறைந்த நம் பெரம்பலூர்ச் சீமையில் இந்தக் குழப்பத்தோடு ஒருவன் வழி கேட்டால் என்னாகும் என எண்ணிப் பாருங்கள். நெடிலுக்கு வேறு வடிவம் தந்து இம்மயக்கத்தை நீக்கிய பெருமையை அறிஞர் வீரமாமுனிவர்க்கே உரியதாக்குவர். நீங்கள் இன்று ‘ஏ’ என்றும் ‘கே’ என்றும் எழுதும் வடிவங்கள் அவ்வழி வந்தவை. 1732-இல் அவர் முடித்த சதுரகராதியும் இந்நோக்கத்தையே உடையது. நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தாலன்றிச் சொற்பொருள் காண இயலாத காலத்தில், அகர வரிசையிற் சொற்களை நிறுத்தியது அந்நூல்.

இத்தனைக்கும் மேலாக ஒரு சிரிப்புக் கதையும் எழுதினார். பரமார்த்த குரு கதையை அறியாதார் உங்களுள் யார்? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்கள். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தோய்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி. பூசணிக்காயைக் குதிரை முட்டை என விலைகொடுத்து வாங்கும் அறிவு! இக்கதையை நாம் குழந்தை இலக்கியம் என எண்ணிச் சிரித்துவிட்டுப் போகிறோம். தமிழ் கற்கும் அயல்நாட்டார் சோர்வின்றிப் படிக்கும் பொருட்டு எழுந்த உரைநடைப் பாடம் அது. பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1822-இல் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். சிரித்தவாறே கற்ற பாடம் மறப்பதில்லை என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதனை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

பாடநூல் மட்டும் போதுமா? மொழியின்பால் காதல் எழவேண்டும். அதற்கு விழா வேண்டும், பாட்டு வேண்டும். முனிவர் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என வழங்கி, அங்கு எழுந்த அடைக்கல மாதா கோயிலைத் திருக்காவலூர்க் கலம்பகத்திற் பாடினார். பலவகை யாப்பும் விரவிய கலம்பகம், ஊரார் கூடிக் கேட்டு மகிழ்வதற்கு ஏற்ற வடிவம். சூசையப்பர் வரலாற்றைத் தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமாக 3,615 பாடல்களில் அமைத்தார். அங்கே யூதேய நாட்டு வயல்களும் நம் காவிரிக்கரை மருதம்போலவே செழித்து நிற்கின்றன.

விழாவின் வழியே மொழி கற்றலுக்கு இந்த வட்டாரத்திலேயே பிறிதொரு சான்றுண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையிற் பெரும்பகுதியை அரியலூரிலும் குன்னத்திலும் கழித்தவர். அவர் தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்தோடு தொடர்புடைய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்று, ஊரூராக இராமாயணக் கதை நிகழ்த்தியவர். அருணாசலக் கவியின் கீர்த்தனங்கள் சிறுவர் சாமிநாதனின் செவியிற் புகுந்த பின்னரே இலக்கணம் வந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ்ச்சுவை கண்டார். பின்னர்ச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை கேட்டார். முதலில் திண்ணையிற் பாட்டு; அதன்பின் நூற்பா.

இனி, மாணவர்களே, சிறிது நேரம் கடல் கடந்து செல்வோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல் எந்நாட்டிற் பிறந்தவர்? அயர்லாந்தில், 1814-இல். தமிழின் தொன்மையை உலகறியச் செய்தவர் பிறந்த நாட்டிலேயே, அந்நாட்டுப் பழமொழியாகிய ஐரிஷ் அக்காலத்தில் தேய்ந்துகொண்டிருந்தது.

1831-இல் அங்கே எழுந்த தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டன. சில இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, அவன் ஐரிஷிற் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டுக் குறிப்பர். பொழுது சாய்ந்ததும் வெட்டுகளை எண்ணி அடி கொடுப்பர். பெற்றோரே இதற்கு உடன்பட்டனர் என்பது நெஞ்சைச் சுடும் செய்தி. தங்கள் மக்கள் பிழைக்க ஆங்கிலமே வழி என அவர்கள் நம்பினர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பல இலட்சம் பேர் நாட்டை விட்டகன்றனர். ஐரிஷ் பேசிய ஏழை உழவர்களே பெரிதும் அழிந்தனர். 1851-இல் பதினைந்து இலட்சமாக இருந்த ஐரிஷ் பேசுவோர், நாற்பதாண்டுகளில் ஏழு இலட்சத்துக்கும் கீழாகக் குறைந்தனர்.

இந்நிலையில் 1893-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ‘கான்ரா ந கேல்கெ’ என்னும் ஐரிஷ் மொழிக் கழகம் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஹைடு ஆங்கிலம் பேசும் வீட்டிற் பிறந்தவர். ஐரிஷ் மொழியை வேட்டைக்காவலர் போன்ற எளிய அண்டை மக்களிடம் கேட்டுக் கற்றவர். பிற்காலத்தில், 1938-இல், அயர்லாந்தின் முதற் குடியரசுத் தலைவரானார். கழகத்தின் புகழ்பெற்ற முதற்பாட நூலை எழுதிய யூஜின் ஓ கிரவுனி என்னும் பாதிரியாரும் அத்தகையரே. மீத் பகுதியில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, பள்ளிப் பருவத்தில்தான் தம் நாட்டுக்கு வேறொரு மொழி உண்டென்பதை உணர்ந்து கற்றவர். அவருடைய ‘எளிய ஐரிஷ் பாடங்கள்’ முதலில் வார இதழில் வெளிவந்து, பின்னர்ச் சிறு நூல்களாயின. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே ஒலிக்குறிப்பு. பாடமோ சிறிது சிறிது. உழைத்துக் களைத்தவன் இரவில் விளக்கடியில் தானே படிக்கத்தக்க நூல். இங்கே எனக்கு வீரமாமுனிவர் நினைவுக்கு வருகிறார். தாம் ஒருகால் தட்டுத்தடுமாறிக் கற்றவர்களே இருவரும். எந்தப் படி வழுக்கும் என்பதை அவர்கள் தம் காலாலேயே அறிந்திருந்தனர். பிறவியிலேயே அம்மொழி பேசிய பெரும்புலவர் எவரும் அந்நூல்களை எழுதவில்லை.

கழகத்தார் பாடநூலோடு நில்லாமல் விழாவும் எடுத்தனர். 1897-இல் ‘இராக்தஸ்’ என்னும் கலைவிழா தொடங்கியது. கதை சொல்லல், பாட்டு, பேச்சு ஆகியவற்றில் போட்டிகள் நடந்தன. 1902-இல் தோன்றிய ‘ஐரிஷ் மொழி வாரம்’ இப்பொழுது ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் 17 வரை நடைபெறுகிறது. வாரம் என்னும் பெயர் மட்டும் மாறவில்லை! அந்நாள்களில் ஒரு சொல்லும் அறியாதவர்கூடக் கூச்சமின்றி வந்து நான்கு தொடர்களைச் சொல்லிப் பார்க்கின்றனர்.

அவ்விழாவுக்கு நம்மூர் மாணவன் ஒருவன் சென்றால், ஆங்கிலேய மாணவனைவிட அவனுக்குச் சில தொடர்கள் எளிதாகவே புலப்படும். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதை ஐரிஷார் ‘தா லௌவர் அகம்’ என்பர். ‘தா’ என்றால் இருக்கிறது, ‘லௌவர்’ புத்தகம், ‘அகம்’ என்னிடம். உடைமையை உணர்த்த ஆங்கிலத்தில் உள்ளதுபோன்ற தனி வினை அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பசியையும் அவர்கள் ‘பசி என்மேல் இருக்கிறது’ என்றே சொல்வர். நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பொதுவாகச் சொல்லும் சொற்களும் ஐரிஷில் இல்லை. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என வினையாலேயே விடை தரவேண்டும். தமிழ்ச் சிறுவனுக்கு இது பழகிய வழக்கமே. ஒன்று மட்டும் தலைகீழ்: நாம் வினையை இறுதியில் வைக்கிறோம், அவர்கள் முதலில் வைக்கின்றனர். அவர்களுடைய பழைய நெடுங்கணக்கில் எழுத்துகள் பதினெட்டு. நம் மெய்யெழுத்துகளும் பதினெட்டு. இது தற்செயலான ஒற்றுமை; இதனைக் கொண்டு இருமொழிக்கும் உறவு கற்பிக்க எவரும் புறப்படவேண்டா!

முயற்சியின் பயன் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் பேச வரும் என்றனர். ஆயினும் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர் 71,968 பேரே. எல்லாப் பள்ளிகளிலும் அது கட்டாயப் பாடமாக இருந்தும் இந்நிலை. தேர்வுக்காகப் படித்த மொழி தேர்வோடு போய்விடுகிறது என்பதே நாற்பதாண்டு வகுப்பறையில் நின்ற என் கருத்து. விழாவோ ஒருவனை வாயில்வரை அழைத்து வரும். அங்கே முதற்பாடத்துடன் ஒருவர் காத்திருக்க வேண்டும். பொங்கல் நாளில் அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கங்களில் ஆடிப்பாடும் நம் பேரப்பிள்ளைகள், மறுநாள் தமிழ் கற்க அமரும்போது அவர்கள் கையிலே நாம் கொடுப்பது எந்த நூல்? செய்யுளா, பாட்டியிடம் தொலைபேசியிற் பேச உதவும் நாலு வார்த்தையா? முனிவர் 1728-இலேயே தம் விடையைச் சொல்லிவிட்டார்.

ஐரிஷ் மொழியின் முதற்பாடம் ஒரு வணக்கத்தோடு தொடங்கும். ஒருவரைக் கண்டால் ‘கடவுள் உனக்கு’ என்னும் பொருளில் ‘டீயா குவிட்’ என்பர். கேட்டவர் அதையே திருப்பிச் சொன்னாற் போதாது. ஒன்று கூட்டி மறுமொழி தரவேண்டும். ‘டீயா இஸ் முவிரா குவிட்’: கடவுளும் மரியாளும் உனக்கு. அடைக்கல மாதாவைத் தமிழிற் பாடிய திருக்காவலூர்ப் புலவருக்கு இந்த மறுமொழியை மனப்பாடம் செய்ய அதிக நேரம் ஆகியிராது.