சாய்ந்த தடித்த தலைப்பெழுத்து (தமிழ்)

வேகத்தையும் நவீனத் தொழில்நுட்பத்தையும் பார்த்தவுடன் உணர்த்துவதற்காக, வலப்பக்கம் சாய்த்துத் தடிப்பாக வரையப்படும் எழுத்துரு வகை. இலங்கை மலையகத்தில் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பாதைகளில் ஓடும் தனியார் பஸ்களின் கண்ணாடியிலும், முச்சக்கரவண்டி ஸ்டிக்கரிலும், தோட்டத்துக் கிரிக்கெட், கரப்பந்தாட்ட அணிகளின் ஜேர்சியிலும் இதன் சாயல் உண்டு.

லத்தீன் எழுத்தில் சாய்வு பழையது. வெனிசில் ஆல்டஸ் மனுத்தியஸின் அச்சகத்துக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் 1501 இல் வர்ஜிலின் நூல் வெளிவந்தது. தமிழ் அச்சில் அப்படியொரு மரபு வளரவில்லை. அதனால் பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தையே கணினியில் இழுத்துச் சாய்த்துவிடுகிறார்கள். வளைவுகள் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிவது இதனால்தான்.

'அப்புத்தளை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ப சாய்வுக்கென்றே பிறந்த எழுத்து. நேர்கோடுகளால் ஆனதால் சாய்த்தாலும் கட்டுக்கோப்பாக நிற்கும். அ, த, ள மூன்றும் சுழிகளால் ஆனவை. தடிப்பு ஏற ஏறச் சுழியின் உள்வெளி அடைபடும். அதைவிடப் பெரிய சிக்கல் மெய்யெழுத்தின் புள்ளி. வலைப்பக்க வடிவமைப்பு விதிமுறையில் எழுத்துச் சாய்வின் இயல்புக் கோணம் 14 பாகை. அந்தச் சாய்வில், அடிக்கோட்டிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள புள்ளி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகரும். எழுத்தின் உச்சியும் கூடவே நகரும், ஆனால் புள்ளி அதற்கும் மேலே இருப்பதால் இன்னும் தள்ளிப்போகும். ப், த் இரண்டின் புள்ளிகளும் அடுத்த எழுத்தை நோக்கிச் சரிந்து, ஓடும் பஸ்ஸில் ஊர்ப்பெயரே குழம்பும். புள்ளியைக் கையால் பின்னுக்கு இழுத்து வைக்காத எந்த எழுத்துருவையும் முடிந்த வேலையாகக் கொள்ள முடியாது.

இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' சாய்வாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துரு. ஆனால் அது கையெழுத்துச் சாயல் கொண்டது, தடித்ததல்ல. மும்பையின் ஏக் டைப் உருவாக்கிய 'பாலூ தம்பி' நன்கு தடித்தது, ஆனால் நிமிர்ந்தது. கொழும்பின் மூனியாக் குழு, சுவர்களில் அச்சுத்தகடு வைத்து எழுதும் 'விளம்பரம் ஒட்டாதீர்' எழுத்துகளிலிருந்து 'போஸ்ட் நோ பில்ஸ் ஜாஃப்னா'வை உருவாக்கியது. தெருவெழுத்தை மதித்துக் கற்ற முயற்சி அது. மலையகப் பஸ் எழுத்துக்கும் அத்தகைய கவனிப்பு வேண்டும்.

'அப்புத்தளை' என்ற ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தான ளை முன்பு ஐகாரத்தைத் தும்பிக்கைபோல் ளகரத்தோடு இணைத்து ஒரே வடிவமாக எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 1978 இன் எழுத்துச் சீர்திருத்தம் அதை நீக்கியது. பாடநூலில் அது வசதிதான். ஆனால் ஜேர்சியின் முதுகில், இன்று இரண்டு துண்டாக அகலம் தின்னும் அதே எழுத்து பழைய உருவில் ஒரே வீச்சாகப் பாய்ந்து முடியும். தலைப்பெழுத்தில் மட்டுமாவது அதைத் திரும்ப வரையலாம்.