ஒருசாலை மாணாக்கரும் தாம்பரத்து விடுதிகளும்

தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்பர் உரையாசிரியர். நன்னூலாரும் ஒரு நூற்குப் பாயிரம் உரைத்தற்குரியார் நால்வரை எண்ணுமிடத்து, ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் என்னும் மூவரோடு உடன்கற்றோனையும் சேர்த்து எண்ணினார். ஒருவனது கல்வியின் திறத்தை அவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்து கற்றவன் அறிவான்; ஆதலின் அவனது சொல் சான்றாகக் கொள்ளத்தக்கது என்பது இவ்விதியின் உட்கிடை. பழைய மாணாக்கரை அவர் வாழ்ந்த விடுதியோடு மீளவும் இணைக்கும் முயற்சியைப் பலரும் விருந்தும் வாழ்த்தும் கூடிய ஒரு விழாவாகவே கருதுகின்றனர். வரலாற்று மாணவன் அதனைப் பாயிரம் கேட்கும் முயற்சியாகக் காணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விடுதிகளை எடுத்துக்கொள்வாம்.

மேனாட்டில் இத்தகைய உறவுக்குப் பெயர்பெற்றவை அமெரிக்கக் கல்லூரிகளின் சகோதரக் கழகங்கள். 1776இல் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் 'பை பீட்டா காப்பா' என்னும் கழகம் மறைவாகத் தோன்றிற்று. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொள்ளும் வழக்கம் அதனோடு தொடங்கியது. பின்வந்த கழகங்கள் கல்லூரிதோறும் கிளை அமைத்தன. உறுப்பினரை உறுப்பினரே தேர்ந்தனர், வேண்டாதவரை விலக்கினர். கிளையின் இல்லத்தைப் பழைய உறுப்பினரின் அமைப்பே உடைமையாகக் கொண்டிருத்தலும் ஆங்குப் பெருவழக்கு. எனவே பழையவர் திரும்பி வருதலில் அன்போடு உடைமையும் கலந்துள்ளது.

தமிழ்நாட்டில் அவ்வகைக் கழகம் வேரூன்றவில்லை. இங்கு அதற்கு அணித்தாக வந்தது விடுதியே. விடுதியில் யார் சேர்வது என்பதை மாணவர் தீர்மானிப்பதில்லை. கட்டடமும் கல்லூரிக்கே உரியது. பழைய மாணாக்கனை ஈர்ப்பதற்கு ஆங்கு நினைவன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. நினைவோ, கேட்பாரில்லையேல் அழிவது.

கிறித்தவக் கல்லூரியின் தொடக்கம் கடற்கரையை அடுத்த நகர்ப்பகுதியில். 1837ஆம் ஆண்டு ஸ்காத்லாந்துத் திருச்சபையைச் சார்ந்த ஜான் ஆண்டர்சன் ஆங்கு நடத்தத் தொடங்கிய பள்ளியே அதன் வித்து. 1862இல் வந்த வில்லியம் மில்லர் அதனைக் கல்லூரியாக வளர்த்து, தம் சொந்தப் பொருளையும் அதற்கே ஈந்தார். தமிழுலகம் அக்கல்லூரியை நினைப்பது பெரும்பாலும் பரிதிமாற் கலைஞராலே. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் ஆங்கு மாணவராயிருந்து, பின் அங்கேயே தமிழாசிரியராகி, 1903இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். தத்துவம் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் ஜார்ஜ் டவுன் காலத்து மாணவரே. இவர்களைப் பற்றிய செய்திகள் நூல்களில் உள. இவர்களோடு ஒரே வகுப்பிலும் விடுதியிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் பற்றி அறிய முயல்வார்க்கோ வருகைப் பட்டியலும் தேர்வுப் பட்டியலுமே எஞ்சி நிற்கும்.

1937இல் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரம் பெயர்ந்தது. 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியிராவிடில் இப்பெயர்ச்சி எளிதாயிராது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 365 ஏக்கர் நிலம் கிடைத்தது. வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவியாரும் அந்நிலத்தில் மரம் வளர்த்த செய்தி இன்றளவும் அவ்வளாகத்தில் பேசப்படுகின்றது. ஆயின் ஒன்று கருதத்தக்கது. நூறாண்டுக் காலம் நகரத்தில் பயின்று வெளியேறியவர்க்குத் திரும்பிச் சென்று காணத்தக்க அறையோ, திண்ணையோ, உணவுக்கூடமோ தாம்பரத்தில் இல்லை. கல்லூரியின் பெயர் நிலைபெற்றது, இடம் அற்றுப்போயிற்று.

புதிய இடத்தில் கல்லூரி விடுதிகளையே நடுவாகக் கொண்டு அமைந்தது. மாணவர் அவற்றை ஹால் என்றே வழங்குவர். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்பன முதல் மூன்று. பின்னாளில் மகளிர்க்கென மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்னும் பெயர்களில் ஹால்கள் எழுந்தன. ஒவ்வொன்றிற்கும் காப்பாளர், மாணவர் தேர்ந்த செயலர்கள், தனி உணவுக்கூடம், ஆண்டுவிழா ஆகியன உண்டு. ஹால்களுக்கிடையே விளையாட்டுப் போட்டியும் உண்டு. ஆதலின் பழைய மாணவன் ஒருவனை 'நீ எக்கல்லூரி?' என்று வினவினால் கல்லூரியின் பெயரைக் கூறுவான். அக்கல்லூரியிலேயே பயின்ற இன்னொருவன் வினவினால் ஹாலின் பெயரைக் கூறுவான்.

முதல் மூன்று பெயர்களும் ஆராயத்தக்கன. ஒன்று அருகிலுள்ள ஊரின் பெயர். மற்றொன்று பரங்கிமலையோடு மரபு தொடர்புபடுத்தும் திருத்தூதர் பெயர். மூன்றாவது, 1826இல் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்த ஆங்கிலப் பேராயர் ரெஜினால்டு ஹீபரின் பெயர். திருச்சிராப்பள்ளியில் இறந்தவர் பெயர் தாம்பரத்திற்கு வந்த காரணம் யாது? அவர் பெயரால் அந்நகரில் விளங்கிய கல்லூரி 1930களில் மூடப்பட்டுக் கிறித்தவக் கல்லூரியோடு இணைந்தது. மூடப்பட்ட கல்லூரியின் பெயர் ஒரு விடுதியின் பெயராய் உயிர்பிழைத்தது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் பிஷப் ஹீபர் கல்லூரி மீண்டும் தோன்றும்வரை, ஏறத்தாழ முப்பதாண்டுகள், பழைய திருச்சிராப்பள்ளி மாணவர் தம் கல்லூரியின் பெயரைத் தாங்கிய கல்விச்சாலையைத் தேடின், முன்பின் கண்டிராத தாம்பரத்தில் ஒரு விடுதியையே காண நேர்ந்திருக்கும். ஆங்கு வாழ்ந்த இளைஞர்க்கு அவர் முன்னோரா, அயலாரா? அமெரிக்கக் கிளையாயின் உறுப்பினர் பதிவேடு விடை கூறிவிடும். இங்கு அவ்விருசாராரும் ஒருவரையொருவர் எவ்வாறு கருதினர் என்பதை அவருள் எஞ்சியவரும், அவர் வாய்க் கேட்டவருமே கூறவல்லார்.

பதிவேடு கூறாதன வேறு பலவும் உள. யார் யாரோடு அமர்ந்து உண்டார் என்பது அவற்றுள் முதன்மையானது. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியே உணவிட்டமை பற்றி 1924, 1925ஆம் ஆண்டுகளில் எழுந்த பூசல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியதை அறிவோம். அதற்குப் பின்னர் விடுதிகளில் வாழ்ந்த மாணவர் தலைமுறைகள் பந்தியில் என்ன கண்டன, எப்போது எது மாறிற்று என்பன விதித்தாளில் எழுதப்படுவன அல்ல. விதி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்திருக்கலாம். உண்டவரைக் கேளாது இதனை எழுதப் புகுவது துணிவேயன்றி ஆராய்ச்சியாகாது.

மொழிநூல் மாணவர்க்கும் இங்குப் பணியுண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்கிய குழூஉக்குறிகளை இலக்கண உரைகளில் இன்றும் பாடஞ்செய்கின்றோம். தமிழ், மலையாளம், தெலுங்கு பேசுவோர் ஒரே மாடியில் வாழ்ந்த விடுதியில், காப்பாளர்க்கும் குழம்பிற்கும் தேர்வுக்கும் வழங்கிய குழூஉக்குறிகள் பத்தாண்டுக்கொருமுறை மாறியிருத்தல் கூடும். அவற்றைத் தொகுத்த நூலை யாம் கண்டிலேம்.

உடன்கற்றோர் நினைவால் வரலாறு எழுதலாகுமா எனின், ஆகும் என்பதற்குத் தமிழிலேயே தக்க சான்று உளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர் சரித்திரத்தை உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், தாம் கண்டவற்றோடு உடன்பயின்றோரும் பிறரும் சொல்லக் கேட்டவற்றையும் திரட்டி அமைத்த நூல் அது. அவ்வுறவின் பயன் நூலளவில் நிற்கவில்லை. ஐயர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பதவி பெற்றது, அப்பிள்ளையிடமே முன்னர்ப் பயின்ற தியாகராச செட்டியாரின் முயற்சியால். இக்காலப் பழைய மாணவர் சங்கங்கள் வேலைவாய்ப்புக்கு உதவுவதைக் குறைகூறுவோர் இதனை நினைவுகூர்தல் நன்று.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாயிரம் புகழ்ச்சியை நாடும் இயல்பினது. தன்னைத்தான் புகழ்தல் தகாது எனக் கண்டு, அவ்வேலையை உடன்கற்றோனிடம் விட்டனர் முன்னோர். ஆதலின் அவன் கூற்றில் மிகைபடக் கூறல் புகுதற்கு இடமுண்டு. முதியோர் நினைவில் பழைய உணவு சுவைக்கும். பழைய காப்பாளர் பெருந்தன்மையராவார். பட்ட அவமானம் வேடிக்கையாய் மாறும். குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் பயின்றனர். புகழ்பெற்றோரின் நினைவுகள் அச்சேறி நிலைத்தபின், பெயர்பெறாத உடன்மாணவனும் தன் நினைவை அவற்றிற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுதல் இயல்பு. எனவே முதலில் பெயர்பெறாதோரைக் கேட்டல் வேண்டும். கேட்டதை விடுதி மலர், உணவுக்கணக்கு, கடிதம் ஆகியவற்றோடு ஒப்புநோக்கல் வேண்டும். ஒருவரைத் தனியே கேட்டுப் பின் பலரையும் ஒருங்கே கேட்டல் சிறந்த முறை. கூட்டத்தில் ஒருவர் மறுப்பதும் மற்றவர் திருத்துவதும் உண்மைக்கு அணித்தே நம்மைக் கொண்டு செல்லும். ஆண்டுவிழாவிற்குப் பழையோர் கூடும் நாள் இதற்கு ஏற்ற நாளாகும். ஆனால் அன்று அவர்களை மேடையில் அமர்த்திப் பேசவிடுவதே எங்கும் நடக்கின்றது.

குழுப்படங்களைப் பற்றி ஒன்று கூறி முடிப்பாம். விடுதிகளில் ஆண்டுதோறும் எடுக்கப்பெற்ற படங்களிற் பலவற்றின் அடியில் காப்பாளர், செயலர் பெயர்களே காணப்படும். நிற்போர் பெயர் இராது. தென்சென்னைப் புறநகர் விடுதியொன்றின் அத்தகைய படத்தை, அதில் நிற்பவருள் ஒருவரான முதியவரிடம் காட்டினேன். தம்மோடு நின்றவருள் ஏழெட்டுப் பேரைத் தடுமாறித் தடுமாறிக் கூறினார். வலக்கோடியில் தோளில் துண்டுடன் நின்றவரைக் கண்டதும் நிறுத்தி, அவர் பெயரையும் ஊரையும் மூத்த மகளின் பெயரையும் தடையின்றிக் கூறினார். அவர் அவ்விடுதியின் சமையற்காரர். அப்பெயரைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்துள்ளேன்.