இருவேல்பட்டு: ஒரு சிற்றூரின் சமுதாய அமைப்பு

ஒரு சிற்றூரின் மக்கள்தொகை இத்துணை என்று அறிந்துவிட்டால், அவ்வூரையே அறிந்துவிட்டதாகக் கருதுவோர் பலர். இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் குடிமதிப்பு எடுக்கும் முறை 1881ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சாதிகள் அனைத்தின் எண்ணிக்கையும் விரிவாக வெளியிடப்பெற்ற இறுதிக் கணக்கு 1931ஆம் ஆண்டினது. விடுதலைக்குப் பின் 2011 வரை எடுக்கப்பெற்ற கணக்குகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே தனியே எண்ணப்பெற்றனர். ஆனால், எத்துணை விரிவான கணக்காயினும், நிலம் யார் கையில் இருந்தது, யார் யாருக்குக் கடன்பட்டிருந்தனர் என்பனவற்றை அது கூறுவதில்லை.

அவற்றை அறிய முனைந்தவருள் கில்பர்ட் சிலேட்டர் குறிப்பிடத்தக்கவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த அவர், மாணவர்களிடம் வினாநிரல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களை ஆராய்ந்து வரச் செய்தார். 1916இல் அவ்வாறு ஆராயப்பெற்ற ஊர்களுள் ஒன்றே அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஆய்வின் முடிவுகள் 1918இல் நூலாக வெளிவந்தன.

இருவேல்பட்டில் நிலச் செல்வாக்கு ரெட்டியார் குடும்பத்தாரிடம் குவிந்திருந்தது. வன்னியரும் ஆதிதிராவிடரும் உழைக்கும் மக்களாக விளங்கினர். மகன் அல்லது மகளின் திருமணத்திற்காக நிலக்கிழாரிடம் கடன் பெற்ற உழவுத் தொழிலாளி, அதனைத் தீர்க்க இயலாது அவருக்கே படியாள் ஆனான். தந்தையின் கடன் மகனையும் பிணித்தது. மக்கள்தொகைப் பட்டியலில் நிலக்கிழாரும் ஒருவர், படியாளும் ஒருவன். வாழ்வில் அவர்களிடையே இருந்த தொலைவு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்தே மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் பெரும்பாலும் வந்தனர். கங்காணி தந்த முன்பணத்தை நம்பிக் கப்பலேறி, ஒரு கடனிலிருந்து மற்றொரு கடனுக்கு மாறியோரும் அவர்களுள் உளர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இவ்வரவு தொடர்ந்தது.

இருவேல்பட்டு 1936-37இலும், பின்னர் 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் ஆராயப்பெற்றது. படியாள் முறை மறைந்தது. பழைய நிலக்கிழாரின் பிடி தளர்ந்தது. வேளாண்மைக்குப் புறம்பான வேலைகள் பெருகின. எனினும், ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்த குடியிருப்பு, தமிழகச் சிற்றூர்களில் இன்றும் முற்றாக அகலவில்லை.

சிலேட்டர் கையாண்ட முறை நம் பள்ளிகளுக்கும் ஏற்றதாகும். பாட்டனாரின் ஊர்ப் பெயரை மட்டும் கேட்டறிவதோடு மாணவர் அமைதல் கூடாது. அங்கு அவர் எத்தெருவில் வாழ்ந்தார், யாருடைய நிலத்தில் உழைத்தார், கூலி எவ்வாறு அளக்கப்பெற்றது, ஏன் ஊரை விட்டுப் புறப்பட்டார் என்பனவற்றையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். விடை கூறவல்ல முதியோர் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், இப்பணியை வரும் விடுமுறையிலேயே தொடங்குதல் நன்று.