மெத்தோட்ரெக்சேட்

மெத்தோட்ரெக்சேட் என்பது முடக்கு வாதம் முதலான அழற்சி மூட்டு நோய்களுக்கும் சில வகைப் புற்றுநோய்களுக்கும் பயன்படும் ஒரு மருந்தாகும். முடக்கு வாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குகின்றது. இம்மருந்து அவ்வாற்றலை மட்டுப்படுத்தி, மூட்டுகள் சிதைவதைக் குறைக்கின்றது. முடக்கு வாதத்திற்கு இதனை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிரிழப்பு ஏற்படக்கூடும்.

வரலாறு

போலிக் அமிலத்தின் பணியைத் தடுக்கும் சேர்மங்களை, 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகத சுப்பாராவின் குழுவினர் உருவாக்கினர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அச்சேர்மங்களுள் ஒன்றான அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிப்பதைச் சிட்னி பார்பர் 1948இல் அறிவித்தார். அதற்கு நெருங்கிய சேர்மமே மெத்தோட்ரெக்சேட். முடக்கு வாதத்திற்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1988இல் ஒப்புதல் அளித்தது.

செயற்படும் முறை

உயிரணுக்கள் டி.என்.ஏ.வை உருவாக்கப் போலிக் அமிலம் தேவை. அதனைப் பயன்படும் வடிவிற்கு மாற்றும் நொதியை மெத்தோட்ரெக்சேட் தடுக்கின்றது. குறைந்த அளவில் கொடுக்கும்போது, அழற்சியைத் தணிக்கும் அடினோசின் என்னும் பொருளை மிகுவிப்பதும் இதன் முக்கியச் செயலாகக் கருதப்படுகின்றது. இம்மருந்து குருதியிலிருந்து விரைவில் நீங்கினாலும் உயிரணுக்களுக்குள் நெடுநாள் தங்குகின்றது. வாரம் ஒருமுறை போதுமானதாக இருப்பதற்கும், நாள்தோறும் உட்கொள்வது நஞ்சாவதற்கும் இதுவே காரணம்.

அளவுப் பிழை

முடக்கு வாதத்திற்கான வழக்கமான அளவு வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை ஆகும். பக்க விளைவுகளைக் குறைக்கப் போலிக் அமில மாத்திரையும் உடன் வழங்கப்படும். பெரும்பாலான மாத்திரைகள் நாள்தோறும் உட்கொள்ளப்படுபவை என்பதால், மருந்துச் சீட்டு எழுதும்போதோ மருந்துக் கடையிலோ வீட்டிலோ பிழை நேர்கின்றது. போலிக் அமில மாத்திரையுடன் மாற்றி உட்கொள்வதும் உண்டு.

அளவு மிகுந்தால் விரைவாகப் பெருகும் உயிரணுக்கள் முதலில் பாதிக்கப்படும். வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றலாம். எலும்பு மச்சை பாதிக்கப்படுவதால் வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சலும் தொற்றும், குருதிச் சிறுதட்டுகள் குறைந்து குருதிக் கசிவும் உண்டாகலாம். இது அவசர நிலையாகும். இதற்கு மாற்று மருந்து போலினிக் அமிலம். பெயர் ஒத்திருப்பினும் இது போலிக் அமிலம் அன்று.

ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இப்பிழைகளைத் தடுக்கச் சில பரிந்துரைகளை வெளியிட்டது. மருந்துப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுதல், நோயாளிக்கு எச்சரிக்கை அட்டை வழங்குதல் ஆகியன அவற்றுள் அடங்கும். உட்கொள்ளும் கிழமையைச் சீட்டில் முழுமையாக எழுதுவது எளிய, பயனுள்ள தடுப்பு முறையாகும்.

பிற தீங்குகள்

* சரியான அளவிலும் கல்லீரல் பாதிப்பு, நுரையீரல் அழற்சி, தொற்று நோய்கள் ஏற்படலாம். வறட்டு இருமல், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.
* மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகக் குறைபாடு உள்ளோருக்கு இடர் மிகுதி.
* கோ-டிரைமொக்சசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து உட்கொண்டால் எலும்பு மச்சை கடுமையாகப் பாதிக்கப்படலாம்.
* கருவிற்கு ஊறு விளைவிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் உட்கொள்ளக்கூடாது.
* மது அருந்துதல் கல்லீரல் பாதிப்பை மிகுவிக்கும்.

கண்காணிப்பு

குருதி அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிற்கான குருதிச் சோதனைகள் சிகிச்சைக்கு முன்பும், பின்னர் குறித்த கால இடைவெளியிலும் செய்யப்படுகின்றன. முறையாகக் கண்காணிக்கப்படும்போது பலர் இம்மருந்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்துகின்றனர். அச்சத்தால் தாமாகவே நிறுத்திவிடுவோருக்கு மூட்டு அழற்சி மீண்டும் தீவிரமடையலாம். அதனால் ஏற்படும் மூட்டுச் சிதைவு மீளாதது.