மிஸ்டர் நைஸ்: தடையால் பணக்காரனானவர், தடையை எதிர்த்தவர்

ஹொவார்ட் மார்க்ஸ் என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. ‘மிஸ்டர் நைஸ்’ என்றால் தெரியும். நல்ல மனுசன் எண்டபடியால் வந்த பட்டம் எண்டு நினைச்சிடாதேங்கோ. டொனால்ட் நைஸ் என்ற பெயரில் அவர் வைத்திருந்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்து வந்த பெயர் அது.

1945 இல் வேல்ஸின் கென்ஃபிக் ஹில் என்ற ஊரில் பிறந்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தார். கஞ்சா பழக்கமானதும் அங்கேதான். எழுபதுகளில் அதுவே தொழிலாகிவிட்டது. பாகிஸ்தான், லெபனான் போன்ற நாடுகளின் ஹஷிஷை அயர்லாந்து ஊடாகப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது இசைக் குழுக்களின் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் ஒளித்து அனுப்பினார். 1973 இல் பிடிபட்டார், பிணையில் வந்தார், அடுத்த வருசமே தலைமறைவானார்.

1980 இல் திரும்பவும் கைது. இந்த முறை பிடிபட்டது 15 தொன் கஞ்சா. ‘நான் உளவுத்துறைக்காக வேலை செய்தேன்’ என்று நீதிமன்றத்தில் வாதாடினார். பிரித்தானிய உளவுத்துறை முன்பு கொஞ்சக் காலம் அவரைப் பயன்படுத்தியது உண்மைதான். மற்றதெல்லாம் சோடித்த கதை. ஜூரிகள் நம்பி, கடத்தல் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். ஒக்ஸ்போர்ட் பேச்சும் சிரித்த முகமும் இல்லாத ஒருவர் இதே கதையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

1988 இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அதிர்ஷ்டம் முடிந்தது. அமெரிக்காவுக்கு நாடுகடத்தி 25 வருடத் தண்டனை கொடுத்தார்கள். ஏழு வருடம் சிறையில் இருந்து 1995 இல் வெளியே வந்தார். அடுத்த வருடம் சுயசரிதை வந்தது. 1997 பொதுத்தேர்தலில் நான்கு தொகுதிகளில் நின்றார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. கிடைத்தது ஒரு வீதமளவு வாக்குத்தான்.

இந்தக் கதையை வாசிக்கிற பெடியளுக்கு அவர் ஹீரோ மாதிரித் தெரியலாம். படமும் வந்துவிட்டது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. எந்தத் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டாரோ, அந்தத் தடைதான் அவரைப் பணக்காரனாக்கியது. கடையில் விற்கிற சாமானை ஸ்பீக்கருக்குள் ஒளிக்க ஒருவரும் காசு தரமாட்டார்கள். தடை போட்டால் பாவனை நிற்கும் என்று அரசுகள் சொல்கின்றன. தடையால் விலை ஏறியது, அந்த விலையில் தாங்கள் வாழ்ந்தோம் என்பதற்கு மார்க்ஸின் வாழ்க்கையே சாட்சி. கஞ்சாவால் ஒரு தீங்கும் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தீங்கு உள்ள ஒரு சாமானின் வியாபாரத்தை ஆரின் கையில் விடுவது என்பதுதான் கேள்வி.

2016 ஏப்ரல் 10 இல், குடல் புற்றுநோயால் தனது 70 ஆவது வயதில் இறந்தார். 2018 நவம்பரில் பிரித்தானியா, விசேட வைத்திய நிபுணர்கள் கஞ்சா மருந்தை எழுதிக் கொடுக்க அனுமதித்தது. மற்றப் பாவனைக்கான தடை அப்படியே இருக்கிறது. கடத்தல்காரர்களின் வருமானமும்தான்.