கையில் இருந்த கடதாசி: கொழும்பைப் பார்த்த ஜேர்மன் கண்கள்

1881 நவம்பர் 21ஆம் திகதி ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். யேனா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். டார்வினின் கருத்தை ஜேர்மனியில் பரப்பினவர்களில் முதல் ஆள். சூழலியல் என்று இன்றைக்கு நாங்கள் படிக்கிற துறைக்கு 1866இல் பேர் வைத்தவரும் இவர்தான்.

கொழும்பில் அவர் எங்கே தங்கினார் தெரியுமா? கொட்டாஞ்சேனையைத் தாண்டி வடக்கே போனால் வருமே, களனி கங்கை கடலில் விழுகிற பக்கம், அங்கேதான். அவர் 'முட்வல்' என்று எழுதின இடத்தை நாங்கள் முகத்துவாரம், மோதரை என்று சொல்லுறோம். அங்கே 'விஸ்ட் பங்களா' என்று ஒரு வீடு. விஸ்ட் என்பது ஒரு சீட்டாட்டம். அந்த வீட்டில் ஐரோப்பிய வியாபாரிகளோடு தங்கி, காலையில் கடலையும் தென்னையையும் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகி, 1883இல் ஆங்கிலத்திலும் வந்தன. ஒரு ஜேர்மன்காரரின் கண்ணில் கொழும்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டால், முதலில் கைக்கு வருகிற புத்தகம் அதுதான்.

ஹெக்கல் நல்லாகப் பார்க்கத் தெரிந்த மனுசன். அதை மறுக்க ஏலாது. கடலுக்குள் கிடக்கிற பவளம், மரத்தில் ஏறுகிற கொடி, புறக்கோட்டைச் சந்தையின் சனக்கூட்டம், எல்லாவற்றையும் ஆசையோடு பார்த்தார். தண்ணிக்குள் அசைகிற ஒரு சின்ன உயிரைக் கூட அதன் கால், கை, நிறம் விட்டுப்போகாமல் எழுதுவார். மனிசரைப் பார்க்கும்போதுதான் பிரச்சினை வருகிறது.

இலங்கைக்கு வர 13 வருசத்துக்கு முதலே, 1868இல், மனித இனங்களைத் தரம் பிரித்து அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதிவிட்டார். அதில் அடுக்கின் உச்சியில் ஐரோப்பியர். ஆக, அவர் கப்பலில் ஏறும்போதே பட்டியல் கையில் இருந்தது. இங்கே வந்து ஆட்களை அந்தப் பட்டியலில் போட்டதுதான் மிச்ச வேலை. சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர், இவர்கள் மென்மையானவர்கள், அவர்கள் பாரம் தூக்கக் கூடியவர்கள் என்று போகும் அந்தக் கணக்கு. ஆரியம், திராவிடம் என்பவை முதலில் மொழிக் குடும்பங்களுக்கு வைத்த பேர்கள். ஜேர்மனியில் பிறந்த மொழியியலாளர் மாக்ஸ் முல்லரே, ஆரியம் என்பது மொழிக்கு உரியது, இரத்தத்துக்கு அல்ல என்று 1888இல் எச்சரித்தார். ஆனால் அதற்குள் சொல் ஊருக்குள் நுழைந்துவிட்டது. ஐரோப்பாவில் இருந்து வந்த இந்தச் சொற்கள் சிங்கள அடையாளத்துக்குள் எப்படிப் புகுந்தன என்பதை வரலாற்றாசிரியர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் ஒரு நீண்ட கட்டுரையில் காட்டினார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிற பிள்ளைகள் தேடி வாசிக்க வேண்டிய கட்டுரை அது.

கொழும்பில் இருந்து தெற்கே வெலிகமவுக்குப் போன ஹெக்கல் அங்கே ஓய்வு விடுதியில் கிழமைக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்தார். விடுதிப் பொறுப்பாளர் ஒரு வயசானவர். முகம் கிரேக்கத் தத்துவஞானி மாதிரி இருக்கிறதாம், அவருக்கு 'சொக்கிரட்டீஸ்' என்று பேர் வைத்தார். கமமேத என்ற ஒரு பொடியன், ஒடுக்கப்பட்ட ரொடி சாதியைச் சேர்ந்தவன், அவருக்கு உதவியாக இருந்தான். அவன் 'கனிமீட்' ஆனான். அதுவும் கிரேக்கக் கதையில் வருகிற பேர். அந்தப் பொடியன் மேல் ஹெக்கலுக்கு உண்மையான பாசம் இருந்திருக்கிறது, எழுத்தில் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கமமேத தன்ர துரையைப் பற்றி என்ன நினைத்தான் என்று ஒரு வரி கூட எங்களிடம் இல்லை. அவனுடைய சொந்தப் பேரே அந்தப் புத்தகத்தின் ஓரத்தில்தான் தப்பிக் கிடக்கிறது.

இதைக் 'கலாசார வித்தியாசம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தச் சொல் போதாது. ஹெக்கலின் பையில் அதிகாரிகளுக்கான சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. போன இடத்தில் ஊர்த்தலைவர்கள் வரவேற்றார்கள். விசா, நேர்காணல், 'ஏன் வந்தனீங்கள்?' என்ற கேள்வி ஒன்றும் இல்லை. பார்க்கிறவர் யார், பார்க்கப்படுகிறவர் யார் என்பதை அந்தக் கடதாசிதான் தீர்மானித்தது.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஆட்கள் போனார்கள். ஹம்பேர்க்கில் மிருக வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக், 1880களில் இலங்கையில் இருந்து யானைகளோடு மனிதர்களையும் கூட்டிப்போய் ஜேர்மன் நகரங்களில் காட்சிக்கு வைத்தார். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கின சனம், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இவர்கள் ஆடுகிறதையும் சமைக்கிறதையும் பார்த்தது. அவர்களும் பயணிகள்தான். ஹெக்கல் பார்த்த அளவுக்கு அவர்களும் ஒரு புது நாட்டைப் பார்த்திருப்பார்கள்: குளிர், புகையிரதம், வேலிக்கு வெளியே நிற்கிற வெள்ளை முகங்கள். ஆனால் அவர்களின் கையில் இருந்தது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் புத்தகம் எழுதுகிற வேலை இல்லை.

கார்லின் அரைச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலேயே குடியேறினார். தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கம் அவருடையதுதான். அந்தக் கம்பனி முறிந்த பிறகு 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. தெஹிவளைக்கு அடுத்ததுதான் வெள்ளவத்தை. மிருகக்காட்சிசாலைக்குப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகாத கொழும்புப் பிள்ளை இருக்காது. அதற்குப் பின்னால் இப்படி ஒரு ஜேர்மன் கதை இருக்கிறது என்று ஆசிரியர்மார் சொல்லிக் கேட்டதுதான் இல்லை.

கடதாசியின் பலம் எப்போதும் ஒரே பக்கம் நின்றதில்லை. 1914இல் போர் வந்ததும், பிரித்தானிய இலங்கையில் இருந்த ஜேர்மன்காரர் எல்லோரும் ஒரே இரவில் எதிரிகளானார்கள். அன்ரன் குவெத் என்று பிறந்து, 1903இல் பௌத்த துறவியாகி, 1911இல் தொடந்துவைத் தீவில் ஆச்சிரமம் அமைத்த ஞானதிலோக தேரரையும் பிடித்து அடைத்தார்கள். காவி உடுத்தி, பாளி படித்து, பிச்சைப் பாத்திரத்தோடு நடந்த மனுசர். ஆனாலும் பிறந்த நாடு ஜேர்மனி. இரண்டாம் உலகப் போரில் திரும்பவும் தியத்தலாவை முகாம், பிறகு இந்தியாவில் தேராதூன் முகாம். 1950இல்தான் அவர் இலங்கைக் குடிமகனானார். 1957இல் இறந்தபோது அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. முதல் சிறைக்கும் குடியுரிமைக்கும் இடையில் 36 வருசம். ஆள் மாறவில்லை, கடதாசி மாறினது.

இனி எங்களுடைய காலத்துக்கு வருவோம்.

1983 யூலைக்குப் பிறகு தமிழர் வெளியேறத் தொடங்கினார்கள். ஜேர்மனிக்குப் போன பாதை விசித்திரமானது. கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவது. அங்கே இடைவழி விசா ஒன்று எடுப்பது. பிறகு கிழக்கு பேர்லினில் ஃபிரீட்றிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்குவது. கிழக்குப் பக்கம் தடுக்கவில்லை. மேற்குப் பக்கம், பேர்லின் மதிலை ஒரு நாட்டு எல்லையாக ஏற்காதபடியால், அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. இரண்டு வல்லரசுகளின் பிடிவாதத்துக்கு இடையில் இருந்த அந்த ஓட்டையால்தான் எங்கள் மாமாமாரும் சித்தப்பாமாரும் உள்ளே போனார்கள். 1985இல் மட்டும் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கேட்ட இலங்கையர் ஏறத்தாழ 17,000 பேர். அந்த வருசம் யூலையில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழரை இடைவழியாக விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி உத்தரவு போட்டது. அதே மாதம் இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வட்டியில்லாக் கடன் எல்லை 850 மில்லியன் மார்க்காக உயர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பொடியனின் இடைவழி விசா, பனிப்போரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகிப் போனது.

உள்ளே போனவர்களுக்கு 'ஹைம்' என்கிற விடுதி வாழ்க்கை. வேலை செய்யத் தடை. அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்ட ஏலாது. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் இருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் 'ஒறிகே' என்ற கப்பல் மேற்கு ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்து நடுக்கடலில் இறக்கிவிட்டிருந்தது. அந்த 155 பேரும் ஜேர்மனியை மாதக்கணக்கில், சிலர் வருசக்கணக்கில், கிட்ட நின்று பார்த்தவர்கள். அங்கே இருப்பதைவிட அத்திலாந்திக் பரவாயில்லை என்று முடிவெடுத்தவர்கள். ஜேர்மனியைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு பயணக் குறிப்பு இருக்க முடியுமா? ஆனால் உலகம் அதைச் செய்தியாக வாசித்தது, பயண இலக்கியமாக வாசிக்கவில்லை.

கொழும்பிலும் அதே கேள்விதான். போர்க் காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் ஏஜென்சிக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லாமல் வீதிக்கு இறங்கப் பயம். 2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம், 'தகுந்த காரணம்' இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று 376 பேரை லொட்ஜ்களில் இருந்து எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஹெக்கல் இதே கொழும்பில் எந்தக் 'காரணமும்' காட்டாமல் தங்கின ஆள். வந்தது பவளம் பார்க்க.

இதை வைத்துக்கொண்டு, இப்போது ஓகஸ்ட் மாதம் வெள்ளவத்தைக்கு வருகிற ஜேர்மனி மாமாவைப் பாருங்கள். காலி வீதியில் மஞ்சள் கோட்டில் கால் வைத்தால் வாகனம் நிற்கும் என்று நம்புவார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருப்பதைப் பார்த்து ஒருக்கா சந்தோஷப்படுவார், ஒருக்கா சத்தம் கூட என்பார். வெறும் போத்தலை எறிய மனம் வராது. அங்கே திருப்பிக் கொடுத்தால் காசு. நாங்கள் பின்னால் சிரிக்கிறோம், 'மாமா டொச்சுக்காரன் ஆகிட்டார்' என்று. ஆனால் அவரிடம் ஒருதரம் விலாசப் பதிவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜேர்மனியில் வீடு மாறினால் யாராக இருந்தாலும் நகரசபையில் பதிய வேண்டும். ஜேர்மன்காரர் அதைத் தண்ணி பில் கட்டுவது மாதிரிச் செய்வார். வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவோடு வாழ்ந்த ஆளுக்கு, முதல் தரம் அந்தப் படிவத்தை நிரப்பும்போது கை எப்படி இருந்திருக்கும்? ஒரே மாதிரிக் கடதாசி. ஒரு ஊரில் எல்லாருக்கும், மற்ற ஊரில் எங்களுக்கு மட்டும். கலாசார வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 2024 யூன் வரைக்கும் ஜேர்மன் குடியுரிமை எடுப்பதென்றால் பொதுவாகப் பழைய குடியுரிமையை விட வேண்டும். அதனால் நிறையப் பேர் இலங்கைக் கடவுச்சீட்டைக் கைவிட்டார்கள். தான் ஓடித் தப்பின ஊருக்கு அவர் இன்றைக்கு ஜேர்மன்காரராக, சுற்றுலா விசாவில் வருகிறார். அவருடைய விசா இணையத்தில் முடிந்துவிடும். அவர் பிள்ளையின் கலியாணத்துக்குக் கொட்டாஞ்சேனையில் இருக்கிற மச்சான் போக வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி எல்லாம் காட்டி, திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டும்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது, ஜேர்மன்காரரும் கமராவோடு வருகிறார்கள். அதைப் பற்றி ஜேர்மன் மொழியில் ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அவர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள், நல்லாகவே எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவது பிழை இல்லை. எங்களுடைய பக்கம் வெறுமையாகக் கிடப்பதுதான் பிழை.

ஷோனஃபெல்டில் 20 வயதில் இறங்கினவர்களுக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. அவர்களிடம் இருக்கிறது ஹெக்கலிடம் இல்லாத ஒரு பார்வை: வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்த பார்வை. வருகிற விடுமுறைக்கு மாமா வந்தால் சொக்லேட்டை வாங்கி வைத்துவிட்டு ஃபோனில் பதிவை அழுத்துங்கள். முதல் நாள் ரயிலில் என்ன பார்த்தீங்கள், ஹைமில் யார் சமைச்சது, உங்கட பேரை அவங்கள் எப்படிக் கூப்பிட்டவங்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். கமமேதவிடம் அதை யாரும் கேட்கவில்லை.